மஞ்சள் வீரேயா: மதுரை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் நர்சரிகளிலோ கைப்பேசிப் படங்களிலோ வாசனையுள்ள மஞ்சள் ரோடோடென்ட்ரானைப் பார்த்துவிட்டு மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்து ஆட்கள் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. முதல் ஏழெட்டுப் பதில்களை வரிசையாகப் படித்தால் பின்னால் வருபவை எளிதில் பிடிபடும்.

இது என்ன செடிங்க? பார்த்தா அரளி மாதிரி இருக்கு, பூவு அலமண்டா மாதிரி இருக்கு.

இரண்டும் இல்லை. ரோடோடென்ட்ரான் இனத்தில், வெப்பமண்டல மலைகளுக்கே உரிய ஒரு பிரிவு இது. பெயர் வீரேயா. ஜாவாவில் பணிபுரிந்த தாவரவியலாளர் கார்ல் ப்ளூமே 1826-இல் வைத்த பெயர். இந்தப் பிரிவில் முந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. நியூகினி, போர்னியோ, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் மலைகள் அவற்றின் தாயகம். மிக அதிகமாக இருப்பது நியூகினியில்.

மஞ்சள் பூ பூப்பவற்றில் அதிகம் பேசப்படுபவை சில: நியூகினியின் மேற்குப் பகுதியில் ஆர்பாக் மலையைச் சேர்ந்த லேட்டம், போர்னியோவின் ப்ரூக்கியானம், அதே தீவில் 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் வளரும் லோவியை, ரெட்டிவீனியம். பூ புனல் வடிவில், கிளை நுனியில் கொத்தாக வரும். லேட்டத்தின் பூ வயதாக ஆகச் செம்மஞ்சளாக மாறும். அதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம்.

நர்சரியில கொடுத்தது அசல்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முதலில் ஒரு இலையைக் கிள்ளுங்கள். பால் வடிந்தால் அது அரளியோ அலமண்டாவோதான். வீரேயாவில் பால் கிடையாது. அடுத்து இலையைத் திருப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னச் செதில்கள் புள்ளி வைத்ததுபோல் ஒட்டியிருக்கும். இளந்தளிரில் இவை நெருக்கமாக இருப்பதால் தளிர் துருப்பிடித்த நிறத்தில் தெரியும், இலை முற்ற முற்றச் செதில்கள் உதிரும்.

பூ இருந்தால் மகரந்தப் பையின் நுனியைப் பாருங்கள். மற்றப் பெரும்பாலான பூக்களில் பை நீளவாக்கில் வெடிக்கும். இதில் நுனியில் இரண்டு சிறு துளைகள் இருக்கும், அவற்றின் வழியாக மகரந்தம் நூல் நூலாக இழுபட்டு வரும். பெரும்பாலும் ஐந்து இதழ் மடல், பத்து மகரந்தத் தாள். அசேலியா என்ற பெயரில் பரவலாக விற்கும் சிறு இலைச் செடியும் ரோடோடென்ட்ரான் இனம்தான், ஆனால் வீரேயா இல்லை. அதன் இலையில் ரோமம் இருக்கும், செதில் இருக்காது.

கொடைக்கானல் காட்டுல சிவப்பா பூக்குமே, அதுவும் இதுவும் ஒண்ணா?

சொந்தம் உண்டு, ஒன்றல்ல. அது காட்டுப்பூவரசு. பழனி மலை, நீலகிரி, ஆனைமலை உயரங்களில் சோலை ஓரத்திலும் புல்வெளியிலும் தனித்து நிற்கும் மரம். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே ரோடோடென்ட்ரான் அதுதான். தடித்த பட்டை இருப்பதால் புல்வெளித் தீயையும் தாங்கிப் பிழைக்கும், வெயிலுக்கும் அசராது. வீரேயாவிடம் அந்த உறுதி கிடையாது. காட்டுப்பூவரசு நன்றாக நிற்கிற இடம் என்பதாலேயே அங்கே வீரேயாவும் வாழும் என்று கணக்குப் போடாதீர்கள்.

மஞ்சளா இருந்தா எல்லாமே வாசனையா இருக்குமா?

இருக்காது. வீரேயாக்களில் வாசனைக்குப் பேர்போனவை நீண்ட குழல் கொண்ட வெள்ளைப் பூக்கள். ஜாஸ்மினிஃப்ளோரம், கோனோரி இரண்டும் அந்த வகை, இரவில் வரும் விட்டில்களை நம்பி மணப்பவை. சிவப்புப் பூக்கள் பறவைகளை நம்பி இருப்பவை, பெரும்பாலும் மணம் இருக்காது. மஞ்சளில் வாசனையுள்ளவை குறைவு. ப்ரூக்கியானத்தில் எலுமிச்சை சாயலில் மணம் வரும், ரெட்டிவீனியமும் மணக்கும். லேட்டம் பார்க்க அழகு, மணத்தை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

கலப்பினங்களில் பெயர் அட்டையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பூத்திருக்கும் செடியை நேரில் முகர்ந்து பார்த்து வாங்குவதே சரி.

மதுரையில எங்க மொட்டை மாடியில ஷேட் நெட் போட்டு வளர்க்கலாமா?

முடியாது. மதுரை கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம்தான். மே மாதம் பகல் 40 டிகிரியைத் தொடும். அதைவிடப் பெரிய சிக்கல் இரவு. இந்தச் செடி பிறந்த, மேகம் மூடி மரமெல்லாம் பாசி படர்ந்த மலைக்காடுகளில் (பாசிக்காடுகளில்) பகலில் இருபது டிகிரி சுமாரும் இரவில் பத்து, பன்னிரண்டு டிகிரியும் இருக்கும். பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவுக் குளிர்ச்சியில்தான் செடி மிச்சம் பிடிக்கும். இரவும் 27, 28 டிகிரியாக இருந்தால் சேர்த்ததையெல்லாம் சுவாசித்தே தீர்த்துவிடும். நிழல்வலை வெயிலை மறைக்கும், இரவைக் குளிர வைக்காது.

கார்த்திகை, மார்கழியில் மதுரையில் இது துளிர்கூட விடும். அதை நம்பி ஏமாறுபவர்கள் நிறையப் பேர். மாசி கடந்ததும் தொட்டி மண் சூடாகும், வேரில் பைட்டோப்தோரா என்ற கிருமியால் அழுகல் பிடிக்கும். சித்திரைக்குள் கதை முடிந்துவிடும். ஏசி அறையில் வைத்தால் காற்று வறண்டு மொட்டு உதிரும். மதுரையில் வாசனையான மஞ்சள் பூதான் வேண்டும் என்றால் செண்பகம் வையுங்கள். அது இந்த மண்ணையும் வெயிலையும் தாங்கும்.

அப்போ எந்த ஊர் வரைக்கும் வளரும்?

கொடைக்கானல் ஊர், வட்டக்கானல், பூம்பாறை, மன்னவனூர் ஆகிய இடங்கள் பொருத்தம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். கோடையிலும் பகல் வெப்பம் 20 டிகிரியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மேகமலை சுமார் 1,500 மீட்டர், அங்கே நல்ல நிழலிருந்தால் வரும். சிறுமலை ஊர்கள் ஆயிரம் மீட்டர் சுமார்தான், அங்கே கோடை கொஞ்சம் அதிகம். ஓடை ஓரமாக, கிழக்குப் பார்த்த சரிவு இருந்தால் மட்டும் முயலலாம்.

கொடைக்கானலிலும் இரண்டு சிக்கல் உண்டு. மார்கழி, தை மாதங்களில் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். குளிர் தேங்கும் ஏரிக்கரை ஓரத்துத் தோட்டங்களில் வீரேயாவின் தளிர் ஒரே இரவில் கருகிவிடும். சரிவில், மரக்கிளைக்கோ தாழ்வாரத்துக்கோ அடியில் வைத்தால் தப்பும். அடுத்தது, தை முதல் பங்குனி வரை காற்று வறண்டு போவது. கினபாலுவில் மேகம் ஆண்டு முழுக்கப் பாசியை நனைத்துக்கொண்டே இருக்கும், இங்கே அந்த மூன்று மாதம் நாம்தான் நனைக்க வேண்டும். காலையில் இலை மேல் நீர் தெளித்து, தொட்டியைச் சுற்றியுள்ள தரையையும் நனைத்து வையுங்கள்.

செம்மண், மணல், தொழு உரம் சரிக்குச் சரி கலந்தா போதுமா?

அந்தக் கலவைதான் பெரும்பாலான செடிகளைக் கொல்கிறது. வீரேயாக்களில் பல மரக்கிளையில் பாசிக்குள் வேர்விட்டு வாழ்பவை. தரையில் வளர்பவையும் மட்கிய இலைக்கும் பாசிக்கும் நடுவில்தான் வேர் வைத்திருக்கும். வேர் தலைமுடிபோல் மெல்லியது, அதற்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். செம்மண் இறுகினால் அந்த வேர் மூச்சுத் திணறிச் சாகும்.

சரியான கலவை: ஒன்று முதல் இரண்டு செ.மீ. அளவில் உடைத்த பைன் பட்டை மூன்று பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைத் துகள்) ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு. பைன் பட்டை ஆர்க்கிட் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தேங்காய் மட்டைத் துண்டு போடலாம், ஆனால் அதில் உப்பு இருக்கும். ஒரு நாள் ஊறவைத்து நீரைக் கொட்டுங்கள், இதையே மூன்று முறை செய்யுங்கள். கோகோபீட்டுக்கும் இதே கழுவல் தேவை. செங்கல் துண்டு, பழைய காரைத் துண்டு எதையும் வடிகாலுக்குப் போடாதீர்கள். காரையில் சுண்ணாம்பு இருக்கிறது.

தொட்டி சின்னதாக இருக்கட்டும். ஆறு அங்குலத் தொட்டியில் வேர் நிறைந்த பிறகு எட்டு அங்குலத்துக்கு மாற்றினால் போதும். வேர்க்கட்டியின் மேற்பரப்பு புதிய தொட்டியிலும் அதே மட்டத்தில் வர வேண்டும். மேலே இரண்டு விரல்கடை கலவை போட்டு மூடினால்கூட வேர் அழுகும்.

தண்ணி எவ்வளவு ஊத்தணும்?

எவ்வளவு என்பதைவிட எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். மழைநீர் முதல் தரம். மலை ஊற்று நீர் பெரும்பாலும் நல்லது. போர் தண்ணீர் வேண்டாம். சமவெளிப் போர் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு கலவையின் புளிப்பைக் கொன்றுவிடும். இந்தச் செடிக்குப் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5 முதல் 6 வரை இருக்க வேண்டும். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 150-க்குக் கீழே காட்டும் நீர் நல்லது. வேறு வழியில்லாமல் கடின நீரைப் பயன்படுத்தினால், ஒரு வாளிக்குச் சிட்டிகை சிட்டிகையாக எலுமிச்சை உப்புப் போட்டுக் கலக்கி, பிஎச் தாளில் 5.5 வரும்வரை சரிபாருங்கள்.

ஊற்றும்போது தொட்டியின் அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றுங்கள். அடுத்த முறை, விரலை ஒரு அங்குலம் விட்டுப் பார்த்து ஈரம் லேசாகக் குறைந்த பிறகு ஊற்றுங்கள். முழுக்கக் காய விடக்கூடாது, அடியில் தட்டு வைத்து நீர் தேக்கவும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் போட்டா சத்து கிடைக்கும்ல?

இரண்டும் விஷம்போல். மேலே சொன்ன புளிப்பைத்தான் இவை அழிக்கின்றன. எலும்புத்தூளும் வேண்டாம், பச்சைச் சாணமும் வேண்டாம்.

பாசிக்காட்டில் சத்து மிகக் குறைவு. அதனால் கால் வயிறு உரம் போதும். 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு அரை கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, கலவை ஈரமாக இருக்கும்போது ஊற்றுங்கள். மாதம் ஒரு முறை வெறும் நீரை நிறைய ஊற்றிப் பழைய உப்பைக் கழுவி விடுங்கள். இலை நுனி பழுப்பாகக் காய்ந்தால் உரமோ உப்போ கூடிவிட்டது என்று அர்த்தம்.

இலை மஞ்சளாகுது, நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. என்ன மருந்து அடிக்க?

பூச்சி மருந்து வேண்டாம். எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். புதுத் தளிர் என்றால் இரும்புச்சத்துக் குறை, பெரும்பாலும் தண்ணீர் செய்த வேலை. கலவையில் இரும்பு இருந்தாலும் பிஎச் ஏறினால் வேரால் எடுக்க முடியாது. முதலில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள், பிறகு கீலேட் செய்த (வேர் எளிதில் எடுக்கும் வடிவிலுள்ள) இரும்பு லிட்டருக்கு அரை கிராம் கலந்து வேரில் ஊற்றுங்கள். அன்னபேதி உப்பு மலிவுதான், ஆனால் பிஎச் ஏறிய கலவையில் அது சீக்கிரமே பயனற்றுப் போகும்.

அடி இலை மஞ்சளானால் மக்னீசியக் குறையாக இருக்கலாம். எப்சம் உப்பு லிட்டருக்கு ஒரு கிராம். ஒன்றிரண்டு கிழட்டு இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது இயல்பு.

மண்ணு ஈரமாத்தான் இருக்கு, ஆனா செடி வாடித் தொங்குது. இன்னும் தண்ணி ஊத்தவா?

ஊற்றாதீர்கள். வேர் அழுகியிருக்கிறது, அதனால்தான் ஈரம் இருந்தும் செடியால் குடிக்க முடியவில்லை. தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் இருக்கும். அழுகியது கருத்து, இழுத்தால் மேல்தோல் மட்டும் கையோடு வரும். அழுகியதை வெட்டி நீக்கி, புதுக்கலவையில் முன்பைவிடச் சின்னத் தொட்டியில் நட்டு, இலையில் பாதியைக் குறைத்து, நிழலில் வையுங்கள். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால் தாய்ச்செடியை நம்பாமல் உடனே போத்து (வெட்டி நடும் தண்டு) எடுத்து வையுங்கள்.

நாலு வருஷமா வச்சிருக்கேன், இலைதான் வருது, பூ வரல.

முக்கால்வாசி காரணம் நிழல். பாசிக்காட்டுச் செடி என்றதும் இருட்டில் வைத்துவிடுகிறார்கள். காட்டிலும் இது மரக்கிளை உச்சியிலோ பாறைத் திறப்பிலோ வெளிச்சம் தேடித்தான் வளரும். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் படட்டும், உச்சி வெயில் வேண்டாம். அடுத்த காரணம் தழைச்சத்து கூடுவது.

விதையில் வந்த செடி பூக்க நான்கைந்து ஆண்டு ஆகும், போத்துச் செடி இரண்டு மூன்று ஆண்டில் பூக்கும். கிளை கூட வேண்டுமானால் தளிர் ஒரு விரல் நீளம் வரும்போதே நுனியைக் கிள்ளுங்கள். தாமதித்துக் கிள்ளினால் பூமொட்டையே கிள்ளிவிடுவீர்கள். இலை மொட்டு ஒல்லியாகவும் பூமொட்டு குண்டாகவும் இருக்கும். மொட்டு வந்த பிறகு தொட்டியை இடம் மாற்றாதீர்கள், உதிர்ந்துவிடும். வீரேயாவுக்கு ஒரே பருவம் என்று கிடையாது, ஆண்டில் இரண்டு மூன்று முறைகூடப் பூக்கும்.

போத்து வச்சா வேர் பிடிக்குமா?

பிடிக்கும், பொறுமை வேண்டும். இளம்பச்சையும் இல்லாமல் முழு மரமும் ஆகாமல் பாதி முற்றிய நுனித்தண்டை எட்டு முதல் பத்து செ.மீ. வெட்டுங்கள். மேலே மூன்று இலை விட்டு, அவற்றையும் குறுக்கே பாதியாக வெட்டுங்கள். அடிப்பக்கம் இரண்டு செ.மீ. நீளத்துக்கு ஒரு பக்கப் பட்டையை மெல்லச் சீவி, வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு, பெர்லைட்டும் கழுவிய கோகோபீட்டும் சமமாகக் கலந்ததில் ஊன்றுங்கள். கண்ணாடிபோன்ற பாலித்தீன் பையால் மூடி வெளிச்சமான நிழலில் வைத்தால் இரண்டு முதல் நான்கு மாதத்தில் வேர் வரும். இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பெரிய செடி இருந்தால் விண்பதியமும் (கிளையை வெட்டாமல் செடியிலேயே வேர்விட வைப்பது) போடலாம்.

ஆன்லைன்ல நூறு ரூபாய்க்கு நீலம், மஞ்சள் எல்லாக் கலர் விதையும் வருதே?

வாங்காதீர்கள். வீரேயா விதை தூசி மாதிரி இருக்கும், இரண்டு முனையிலும் மெல்லிய வால் நீண்டிருக்கும். மிளகு, கடுகு அளவில் உருண்டையாக வந்தால் அது வேறு எதுவோ. அசல் விதையும் சாதாரணமாக வைத்திருந்தால் சில மாதங்களிலேயே முளைப்புத் திறனை இழக்கும். கிடைத்தால் பாசிமேல் தூவி, மூடாமல், ஈரமாக வையுங்கள். வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். வெளிநாட்டிலிருந்து செடியோ விதையோ தருவிக்க 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். பையில் ஒளித்துக் கொண்டுவந்த நாற்றோடு நோயும் சேர்ந்தே வரும்.

பூவைத் தலையில வைக்கலாமா? சாமிக்குப் போடலாமா? ஆடு தின்னா?

தலையில் வைக்கலாம், ஆனால் மல்லிகைபோல் கட்டுவதற்குக் காம்பு வாகில்லை, சூட்டில் ஒரு மணி நேரத்தில் துவளும். சாமி படத்துக்கு வைப்பதில் செடியின் பக்கமிருந்து எந்தத் தடையும் இல்லை. செடியிலேயே விட்டால் கொடைக்கானல் குளிரில் இரண்டு வாரம்கூட நிற்கும்.

ஆடு, மாடு மேயும் இடத்தில் வைக்கவே கூடாது. ரோடோடென்ட்ரான் இனத்தில் கிரேயானோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. தின்ற ஆடு நுரை தள்ளும், வாந்தி எடுக்கும், தள்ளாடும். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கவாத்து செய்த கிளைகளை வேலி ஓரத்தில் வீசாமல் புதைத்துவிடுங்கள்.

உத்தரகாண்டில இந்தப் பூவுல சர்பத் போடுறாங்களே, நாம போட்டா என்ன?

அவர்கள் பயன்படுத்துவது புரான்ஷ் என்று அழைக்கும் சிவப்புப் பூ, நம் காட்டுப்பூவரசின் நெருங்கிய உறவு. தலைமுறைகளாகப் பழகிய ஒரே ஒரு வகை அது. அதை வைத்து மஞ்சள் பூவைச் சாப்பிடக்கூடாது. ஒவ்வொரு வகையிலும் நஞ்சின் அளவு வேறு. மஞ்சள் ரோடோடென்ட்ரானும் அதன் உறவும் வளரும் கருங்கடல் கரையில், அந்தப் பூக்களின் தேனைச் சாப்பிட்டு, கி.மு. 400 வாக்கில் ஒரு கிரேக்கப் படையே எழுந்து நிற்க முடியாமல் சுருண்டு கிடந்தது. அந்தப் பகுதித் தேனால் இன்றும் ஆட்கள் மருத்துவமனைக்குப் போகிறார்கள். நாடி இறங்கும், ரத்த அழுத்தம் விழும், மயக்கம் வரும். குழந்தை பூவை மென்றுவிட்டது என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், செடியின் ஒரு கிளையையும் எடுத்துச் செல்லுங்கள்.

காட்டுப்பூவரசோட மகரந்தம் சேர்த்து வெயில் தாங்குற மஞ்சள் செடி உண்டாக்க முடியுமா?

ஆசை நல்ல ஆசை. ஆனால் வீரேயாவும் மற்ற ரோடோடென்ட்ரானும் எளிதில் சேராது. பெரும்பாலும் காய் பிடிக்காது, பிடித்தாலும் விதை சொத்தையாகப் போகும், முளைத்தாலும் நாற்று வெளிறிச் சாகும். வீரேயாவுக்குள்ளேயே தாழ்ந்த மலைகளில் வளரும் வகைகளைச் சேர்த்துப் பார்ப்பது பலன் தரும் வழி.

மேல சோலைக்குள்ள நட்டு விட்டா தானா பரவி அழகா இருக்குமே?

தயவுசெய்து செய்யாதீர்கள். பழனி மலைப் புல்வெளிகளில் நட்ட வாட்டில், பைன் என்ற அயல் மரங்கள் இன்று எவ்வளவு இடத்தைத் தின்றிருக்கின்றன என்று மன்னவனூர்ப் பாதையில் போகும் யாரும் பார்க்கலாம். காற்றில் பறக்கும் விதையுள்ள அயல்செடியைச் சோலையில் விடுவது அதே தவறு. காய் முற்றுவதற்கு முன் பறித்துவிடுங்கள். அதேபோல் தொட்டிக்காகச் சோலை மரத்துப் பாசியை உரித்துக்கொண்டு வரவும் கூடாது. அது சட்டப்படியும் குற்றம், அந்தப் பாசி மறுபடி வளரப் பல ஆண்டு ஆகும்.

தெரியாம வாங்கி மதுரைக்குக் கொண்டு வந்துட்டேன். இப்போ என்ன பண்ண?

மாசிக்குள் மலைக்குத் திருப்பி அனுப்ப முடிந்தால் செடி பிழைக்கும். அதுவரை வடக்குப் பார்த்த ஜன்னலோரமோ, கிணற்றடி நிழலோ, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். தொட்டியை இன்னொரு பெரிய மண்தொட்டிக்குள் வைத்து, இடைவெளியில் ஈர மணலை நிரப்புங்கள், வேர்ச்சூடு சில டிகிரி குறையும். ஊற்றுவதற்கு மழைநீர் அல்லது ஆர்ஓ நீர் மட்டும். உரம் கூடாது, மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள்.

மேலே கொண்டுபோகும்போது இரவிலோ அதிகாலையிலோ புறப்படுங்கள். மூடிய கார் டிக்கியில் வைக்காதீர்கள். கொடைக்கானலில் இறக்கியதும் நேராக வெயிலில் வைக்காமல் பத்து நாள் தாழ்வாரத்தில் வைத்து, பிறகு காலை வெயிலுக்கு நகர்த்துங்கள்.